எனக்கு மட்டும் இருந்த முரண்பாடு

பல்கலைக்கழகத்தில் வேலை செய்கிறேன் என்றால் எங்கள் தேயிலைத் தோட்டத்தில் இன்னும் எழுந்து நிற்பார்கள். உட்காருங்க, உட்காருங்க என்று நான்தான் கெஞ்ச வேண்டியிருக்கும். உண்மையில் அங்கே என் வேலையில் பாதி காத்திருப்பது. குழு கூடும்வரை காத்திருக்க வேண்டும், உபகுழு சிபாரிசு செய்யும்வரை காத்திருக்க வேண்டும், அந்தச் சிபாரிசை மேலே யாராவது படிக்கும்வரை காத்திருக்க வேண்டும். எந்தப் பல்கலைக்கழகம் என்று சொல்லப்போவதில்லை. ஊவா மாகாணத்தில் இல்லை, பதுளையில் பஸ் ஏறினால் போய்ச்சேர ஒரு பகல் போய்விடும், அவ்வளவு போதும். தோட்டத்தின் பெயரும் வேண்டாம். நமுனுகுல மலைப் பக்கம், பஸ் திரும்பும் இடத்திலிருந்து இன்னும் மேலே நடக்க வேண்டிய ஒரு டிவிஷன். என் அக்கா அங்கே கொழுந்து பறிக்கிறாள். தொழிலாளர்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளை லயம் என்போம், நானும் அக்கா இருக்கும் அதே லயத்தில்தான் பிறந்தேன்.

லயத்துக்கு இரண்டு பீலி. ஊற்றுத் தண்ணீர் வந்து விழும் இடத்துக்கு அங்கே அப்படித்தான் பேர். மேல் பீலி காட்டோரத்தில், ஏறிப் போக மூச்சு வாங்கும். கீழ்ப் பீலி லயத்துக்குப் பக்கத்திலேயே இருக்கிறது, ஆனால் அதற்கு நேர் மேலே தேயிலை மலை. புல்லுக்கு மருந்து அடித்த பிறகு ஒரு மழை பெய்தால் அந்தத் தண்ணீரில் வாடை வரும். நான் இரசாயனம் படித்து முடித்துவிட்டு வந்தபோது, குடிக்கவும் சமைக்கவும் மேல் பீலித் தண்ணீரையே எடு என்று அக்காவிடம் சொன்னேன். நாள் முழுக்க மலையில் நின்ற காலோடு அவள் மறுபடி மேலே ஏறிப்போய்க் கேனைத் தூக்கி வந்தாள். கடைசி மகள் பிறந்தபிறகு ஒருநாள்கூடத் தவறவிட்டதில்லை. அவளைப் பார்த்து லயத்தில் வேறு சில பெண்களும் ஏறினார்கள்.

கீழ்ப் பீலியில் விஷம் இருக்கிறது என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. இருக்கிறதா இல்லையா என்று பார்க்க வேண்டும் என்றுதான் சொன்னேன். இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் லயத்தில் எல்லாருக்கும் விளங்கியது. பல்கலைக்கழகத்தில்தான் விளங்கவைக்க முடியவில்லை.

அதைச் சோதித்துப் பார்க்க எங்கள் ஆய்வுகூடத்தில் புது மெஷின் ஒன்று இருந்தது. அதை வாங்கித் தந்தது ஒரு பெருந்தோட்டக் கம்பெனி. எங்கள் தோட்டத்தைக் குத்தகைக்கு வைத்திருப்பதும் அதே கம்பெனிதான். அந்தக் கம்பெனியின் பணிப்பாளர்களில் ஒருவர் எங்கள் பல்கலைக்கழகப் பேரவையில் வெளி உறுப்பினர். ஆய்வுகளுக்குப் பணம் ஒதுக்கும் குழுவிலும் அவர் இருந்தார். இதில் மூடுமந்திரம் ஒன்றும் இல்லை. மெஷினின் நெற்றியிலேயே கம்பெனியின் பேரைப் பித்தளைத் தகட்டில் பொறித்து ஒட்டியிருந்தார்கள். யாருக்கும் அது தப்பாகத் தெரியவில்லை. மெஷின் கிடைத்த சந்தோஷத்தில் எனக்கும் தெரியவில்லை.

லயத்துப் பீலிகளின் தண்ணீரைச் சோதிக்க ஒரு திட்டம் எழுதிக் கொடுத்தேன். பல தோட்டங்களின் பீலிகள் அதில் இருந்தன, எங்கள் கீழ்ப் பீலியும் இருந்தது. குழு அதை எடுத்துக்கொண்ட அன்று நான் வெளியே தாழ்வாரத்து வாங்குப் பலகையில் உட்கார்ந்திருந்தேன். என் திட்டம் மேசைக்கு வந்ததும் கதவு திறந்து அந்தப் பேரவை உறுப்பினர் வெளியே வந்தார். தன் கம்பெனி சம்பந்தப்பட்ட விஷயம் பேசும்போது அவர் அறையில் இருக்கக்கூடாது என்பது விதி. விதியை மதிக்கிறவர். கையில் தேநீர்க் கோப்பையோடு வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தார்.

"நீ எந்தத் தோட்டம்?" என்று தமிழில் கேட்டார். ஒரு காலத்தில் தோட்டத்தை நடத்தும் துரையாக இருந்தவர், காலையில் ஆட்கள் கூடும் பெரட்டுக்களத்தில் நின்று வேலை பிரித்துக் கொடுத்தே தமிழ் கற்றவர். அந்தத் தமிழில் 'நீங்கள்' கிடையாது. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, வேறு தமிழ் அவருக்கு யார் கற்றுக்கொடுத்தார்கள்? தோட்டத்தின் பேரைச் சொன்னேன். முகம் மலர்ந்துவிட்டது. "அங்கே யார் இருக்கு? அம்மா இருக்கா?" என்றார். அம்மா இல்லை, அக்கா இருக்கிறாள் என்றேன். எந்த லயம், எத்தனை பிள்ளைகள், புருஷன் வேலைக்குப் போகிறானா என்று எல்லாம் விசாரித்தார். எங்கள் தோட்டத்துப் பிள்ளை விரிவுரையாளராக வந்தது தனக்கே பெருமை என்றும் சொன்னார். ஒளித்துவைக்க என்னிடம் என்ன இருக்கிறது? எல்லாவற்றுக்கும் வாய் நிறையப் பதில் சொன்னேன். தேநீர் முடிந்ததும் அவரை உள்ளே கூப்பிட்டார்கள், பொதுவான விஷயங்கள் பேச. அதற்குப் பிறகுதான் என்னைக் கூப்பிட்டார்கள்.

பீடாதிபதி பேசினார். திட்டம் நல்ல திட்டம், பணம் ஒதுக்கியாயிற்று. ஒரே ஒரு சிக்கல், உங்களுக்கு இதில் நலன் முரண்பாடு இருக்கிறது என்றார். எனக்கு முதலில் புரியவில்லை. யாருக்கு என்று கேட்டேன்.

"உங்கள் குடும்பம் அந்தத் தோட்டத்தில் இருக்கிறது, இல்லையா? முடிவு ஒரு பக்கம் சாய்ந்தது என்று நாளை யாரும் விரல் நீட்டக்கூடாது. உங்களுடைய நன்மைக்காகத்தான் சொல்கிறோம்."

பேரவை உறுப்பினர் மேசையின் மறுபக்கத்திலிருந்து ஆறுதலாகத் தலையாட்டினார். அவருடைய முரண்பாடு ஒரு கோப்பைத் தேநீர் குடித்து முடிப்பதற்குள் தீர்ந்துவிட்டது. என்னுடையது பிறப்போடு வந்ததாம், எத்தனை கோப்பை குடித்தாலும் தீராது. அன்றே கத்தியிருக்கலாம். ஆய்வையே நிறுத்தியிருந்தால் நிச்சயம் கத்தியிருப்பேன். ஆனால் அவர்கள் நிறுத்தவில்லையே, என்னைத்தானே நிறுத்தினார்கள். தண்ணீரை யார் பார்த்தால் என்ன, மெஷின் பொய் சொல்லாது என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

ஆய்வைச் சக விரிவுரையாளர் ஒருவரிடம் கொடுத்தார்கள். நல்ல மனிதர், வேலையில் சுத்தம். தமிழ் தெரியாது, தோட்டத்துக்குள் கால் வைத்ததும் கிடையாது. அதனாலேயே அவர் நடுநிலை என்று ஆனது. முறைப்படி தோட்ட ஆபீசில் அனுமதி கேட்டார், இன்ன நாள் வருகிறோம் என்று முன்கூட்டியே சொன்னார். நேர்மையான மனிதர் வேறு எப்படிச் செய்வார்?

எங்கள் தோட்டங்களில் செக்கிங் என்று ஒன்று உண்டு. தேயிலையை வெளிநாட்டுக்கு விற்கத் தரச் சான்றிதழ் கொடுக்கிறவர்கள் அவ்வப்போது பார்க்க வருவார்கள். அன்றைக்கு மருந்து அடிக்கிறவர்களுக்குக் கையுறை, முகமூடி, பூட்ஸ் எல்லாம் கிடைக்கும், சாயங்காலம் ஸ்டோருக்குத் திரும்பிவிடும். சாக்கடைக் கானுக்குச் சுண்ணாம்பு அடிப்பார்கள். அம்மாக்கள் வேலைக்குப் போகும்போது விட்டுச்செல்லும் பிள்ளை மடுவத்துக் குழந்தைகளுக்குப் புதுப் பாய் வரும். வேலைக்காரர்களும் ஒத்தாசையாகத்தான் இருப்பார்கள். செக்கிங்கில் தோட்டம் பாஸாகாவிட்டால் கொழுந்து விலைபோகாது, நமக்குத்தான் வேலை குறையும் என்று கணக்கப்பிள்ளை சொல்லிவைத்திருப்பார். சின்ன வயதிலிருந்தே பழகிய பழக்கம் அது. வெளியாள் பார்க்க வந்தால் நல்லதை எடுத்துக் காட்ட வேண்டும்.

அன்று மாலை அக்கா போன் பண்ணினாள். குரலில் அவ்வளவு உற்சாகம்.

"உங்க யுனிவர்சிட்டியில இருந்து வந்தாங்க தங்கச்சி. பாவம், நல்ல ஆளுங்க. மழையில நனைஞ்சு, காலெல்லாம் அட்டை கடிச்சு வந்து நின்னாங்க. கீழ்ப் பீலிக்கு எறங்குற வழி ஒரே வழுக்கு. நீங்க இங்கனயே உக்காருங்க சார், தேத்தண்ணி குடிங்க, நாங்க புடிச்சிட்டு வாறோம்னு போத்தலெல்லாம் வாங்கிக்கிட்டோம்."

"சரி, கீழ்ப் பீலியில புடிச்சீங்களா?"

"நல்லா கேட்ட போ! ஒன் ஆளுங்களுக்குப் போய் அந்த நாத்தத் தண்ணியவா குடுப்போம்? மேல் பீலி வரைக்கும் ஏறிப்போய் நானே புடிச்சுக் குடுத்தேன். செக்கிங்ல ஒன் பேரு கெட்டுறக் கூடாதில்ல."

பிறகு பேசுகிறேன் என்று போனை வைத்தேன். அவள்மேல் கோபம் வரவில்லை. என் மானத்தைக் காப்பாற்றத்தான் அந்த மழையில் அவள் மலை ஏறியிருக்கிறாள். நான் கூடப் போயிருந்தால், "அக்கா, நாத்தத் தண்ணிதான் வேணும்" என்று ஒரு வார்த்தை சொல்லியிருப்பேன். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லக்கூடியவளைத்தான் முரண்பாடு என்று வெளியே உட்காரவைத்தார்கள்.

முடிவு வந்தது. எங்கள் கீழ்ப் பீலித் தண்ணீர் படு சுத்தம். மெஷின் பொய் சொல்லவில்லை, காட்டு ஊற்றுத் தண்ணீர் சுத்தமாகத்தானே இருக்கும். நான் ஓடிப்போய்ச் சக விரிவுரையாளரிடம் நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வெளிறிப்போனது. வழுக்கலான வழி, அங்கே நின்ற பெண்கள் போத்தலை வாங்கிக்கொண்டார்கள், மறுத்தால் மனம் நோகும் என்று விட்டுவிட்டேன் என்றார். இரண்டு பேரும் பீடாதிபதியிடம் போனோம்.

பீடாதிபதி பொறுமையாகக் கேட்டார். கேட்பதில் அவர் குறை வைப்பதில்லை.

"இதை உங்களுக்கு யார் சொன்னது?"

"என் அக்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "பார்த்தீர்களா? இதைத்தான் அன்றைக்குச் சொன்னோம்" என்றார்.

மறுபடி தண்ணீர் எடுக்கலாம் என்று சக விரிவுரையாளர் எழுதிக் கேட்டார். அந்த வருடப் பணம் முடிந்துவிட்டது என்று பதில் வந்தது. அவர் இன்னொரு தடவை கேட்டார், பிறகு விட்டுவிட்டார். அவருக்குப் பதவி உயர்வு நேரம், வீடு கட்டிக்கொண்டிருந்தார். அவரைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. யாரைக் குறை சொல்வது என்று யோசித்து யோசித்தே எனக்கு அலுத்துவிட்டது. எல்லாரும் விதிப்படி நடந்தார்கள், எல்லாரும் மரியாதையாகப் பேசினார்கள்.

தீபாவளிக்கு ஊருக்குப் போனேன். கீழ்ப் பீலியில் சீமெந்து போட்டு, நீல நிறத்தில் பலகை ஒன்று நட்டிருந்தார்கள். குடிப்பதற்கு உகந்த நீர் என்று மூன்று மொழியிலும் எழுதி, மூலையில் எங்கள் பல்கலைக்கழகத்தின் சின்னம் போட்டிருந்தது. தமிழில்கூட ஒரு பிழை இல்லை. லயத்துப் பெண்கள் அங்கேயே குடங்களை நிரப்பிக்கொண்டிருந்தார்கள். என்னைக் கண்டதும் வாங்க மிஸ், ஒங்க புண்ணியத்துல மேல ஏறுற வேல மிச்சம் என்றார்கள். எனக்குச் சிரிப்பதா அழுவதா என்று தெரியவில்லை, சிரித்துவைத்தேன்.

லயத்தில் அக்காவின் அறைக்கு, காம்பராவுக்குள் போனதும் அக்காவிடம், நீயாவது மேல் பீலிக்குத்தானே போகிறாய் என்று கேட்டேன்.

"எங்க போறது? கீழ்த் தண்ணி பாஸாயிருச்சு, இனி மேல் பீலி எதுக்குன்னு கம்பெனி எடுத்துக்கிருச்சு. தொர பங்களாவ ஓட்டலாக்குறாங்கல்ல, வெள்ளக்காரங்க வந்து தங்க. தண்ணிய அப்படியே குழாய் போட்டு அங்க கொண்டுபோயிட்டாங்க. டேங்க்குக்குப் பூட்டு."

குழுவில் இருந்த அந்தப் பழைய துரையைப் பற்றியும் சேர்த்து நான் எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். சொல்லாமல் இருக்க முடியவில்லை. அவள் பிடித்துக் கொடுத்த தண்ணீர்தான் சோதனைக்குப் போனது, அதை வைத்துத்தான் பலகை, அதை வைத்துத்தான் பூட்டு. அவள் அடுப்பைப் பார்த்தபடி கேட்டுக்கொண்டிருந்தாள். பாத்திரத்தில் தேத்தண்ணி கொதித்துப் பொங்கி அடுப்பில் வழிந்தது, அவள் இறக்கவில்லை. நான்தான் இறக்கிவைத்தேன்.

"சரி, நான் தெரியாம செஞ்சிட்டேன்" என்றாள் கடைசியில். "நாளைக்கே கீழ்ப் பீலியில ஒரு போத்தல் புடிச்சுத் தாறேன். நீ கொண்டுபோய்க் காட்டு."

"நான் கொண்டுபோனா எடுத்துக்க மாட்டாங்கக்கா."

"ஏன்? நீ அங்கதானே வேல செய்யிற?"

"நான் ஒன் தங்கச்சி. எனக்கு இங்க சொந்தம் இருக்கு. அதனால நான் சொன்னா எடுபடாது."

அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். சண்டைக்கு வருகிறவள் மாதிரி இல்லை, நிஜமாகவே தெரிந்துகொள்ள வேண்டும் என்கிற முகம்.

"அப்ப அந்தத் தொரைக்கு? கம்பெனி அவருக்குச் சொந்தமில்லையா?"

மத்தாப்பு கொளுத்த ஓடிப்போயிருந்த சின்னவள் வியர்த்து விறுவிறுத்து உள்ளே வந்து, அம்மா தண்ணி என்று கையை நீட்டினாள். அக்கா எழுந்து என்னைப் பார்த்தாள், கேனைப் பார்த்தாள். பிறகு ஒரு டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். வீட்டில் வேறு தண்ணீர் இல்லை.