பெட்டிக்கு வெளியே நான்கு பெயர்கள்

காத்தான்குடியில் நௌஷாட்டின் அச்சகத்தில் யசோதினி இருபது வருடங்களுக்கு மேலாகப் பக்கம் வடிவமைக்கிறாள். கல்யாணக் காட், திருவிழா நோட்டீஸ், செத்தவர்களின் நினைவாக முப்பத்தோராம் நாள் கொடுக்கும் கல்வெட்டுப் புத்தகம் எல்லாமே பழைய கம்பியூட்டரில், பேஜ்மேக்கர் என்ற பழைய மென்பொருளில்தான். போன வருடம் அந்தக் கம்பியூட்டர் அடிக்கடி நின்றுபோனது. புதிய மென்பொருளைத் தெரிவுசெய்யும் பொறுப்பை நௌஷாட் அவளிடமே விட்டார்.

இன்டிசைன், அஃபினிட்டி, ஸ்கிரைபஸ் என்று மூன்றை எடுத்துக்கொண்டாள். மூன்றிலும் ஒரே பக்கத்தைப் போட்டு, எழுத்துகளின் கொம்பும் காலும் சரியாக விழுகின்றனவா என்று பார்க்க நினைத்தாள். அதற்குப் பெயர்ப் பட்டியல்தான் வசதி. சுனாமிக்கு அடுத்த வருடம் பெரியகல்லாற்றுக்குக் கிட்டவுள்ள ஓர் ஊருக்காகச் செய்த நினைவு மலரின் கோப்பு பழைய கம்பியூட்டரில் அகப்பட்டது. வேலைக்குச் சேர்ந்த புதிதில் செய்தது. அதிலிருந்த, சுனாமியில் இறந்தவர்களின் பெயர்களை யூனிகோடுக்கு மாற்றி இன்டிசைனில் ஒட்டினாள்.

திரையில் எழுத்து அடங்கும் பெட்டியின் மூலையில் சிவப்பாக ஒரு கூட்டல் குறி வந்தது. உள்ளே அடங்காத எழுத்து இன்னும் இருக்கிறது என்று அர்த்தம். பெட்டியைக் கீழே இழுத்தாள். நான்கு பெயர்கள் இறங்கி வந்தன. விஜிதரன், வீரசிங்கம், வேணுஜா, வைரவப்பிள்ளை.

அச்சான புத்தகத்தில் அந்த நால்வரும் இல்லை. அன்றைக்கும் பேஜ்மேக்கரில் பெட்டியின் அடியில் ஒரு சிவப்புக் குறி தெரிந்தது அவளுக்கு ஞாபகம் வந்தது. வெற்று வரியாக்கும் என்று விட்டிருந்தாள்.

வேணுஜாவுக்கு வயது ஆறு. புத்தகம் வெளியான மூன்றாம் நாள் அவளுடைய தாய் சீதேவிப்பிள்ளை அச்சகத்துக்கு வந்து, மகளின் பெயர் எங்கே என்று கேட்டாள். யசோதினி எதையும் திறந்து பார்க்காமல், தந்த லிஸ்டில் இல்லை போல, எழுதினவரைக் கேளுங்கள் என்று அனுப்பிவிட்டாள். எழுதியவர் சீதேவிப்பிள்ளையின் கூடப்பிறந்த அண்ணன் கந்தப்போடி. தான் எழுதிக் கொடுத்ததாக அவர் சத்தியம் பண்ணினார். கையெழுத்துத் தாள் அச்சகத்துக் குப்பையோடு போயிருந்தது. அதற்குப் பிறகு அண்ணனும் தங்கையும் முகம் பார்க்கவில்லை. மூன்று வருடங்களுக்கு முன் கந்தப்போடி இறந்துபோனார். அவருடைய கல்வெட்டையும் யசோதினிதான் வடிவமைத்தாள். சகோதரர் வரிசையில் தங்கையின் பெயர் வேண்டாம் என்று வீட்டார் சொன்னது அவள் காதில் இப்போது திரும்பவும் கேட்டது.

மற்ற இரண்டு மென்பொருள்களிலும் அதே பட்டியலைப் போட்டுப் பார்த்தாள். இன்டிசைனில் ஏதோ பிழை என்று ஆகிவிடாதா என்ற நப்பாசை. மூன்றிலும் வேணுஜா வந்தாள்.

நௌஷாட்டிடம் சொன்னாள். "போய்ச் சொல்லத்தான் வேணும் தங்கச்சி. நானும் வாறன்" என்றார். நான்கு பெயர்களும் உள்ள பக்கத்தை அச்சடித்து எடுத்துக்கொண்டு, அவள் சீதேவிப்பிள்ளை வீட்டுக்குத் தனியாகவே போனாள்.

சீதேவிப்பிள்ளை அந்தத் தாளை வாங்கி, மகளின் பெயரின் மேல் விரலை வைத்துக்கொண்டே கேட்டாள்.

"அப்ப அண்ணன் எழுதித்தான் குடுத்தவரா?"

"ஓம் அம்மா. நான்தான் விட்டுட்டன்."

சீதேவிப்பிள்ளை தாளை மடியில் வைத்து நீவிவிட்டாள்.

"நான் அவர்ர செத்த வீட்டுக்கும் போகல்ல, புள்ள."

திட்டவில்லை. திட்டியிருந்தால் யசோதினிக்கு எழுந்து வருவது லேசாக இருந்திருக்கும். அன்று பின்னேரமே அந்தத் தாளை மடித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போகச் சீதேவிப்பிள்ளை புறப்பட்டாள். அண்ணன் பெஞ்சாதி கண்ணகை கதவைத் திறந்தாளா என்று யசோதினிக்குத் தெரியாது; அதற்கு முன்பே அவள் பஸ் ஏறிவிட்டாள்.

விடுபட்ட நான்கு பெயர்களையும் சேர்த்து மலர் மறுபடி அச்சானது. யசோதினி இன்டிசைனைத் தெரிவுசெய்தாள். அதில் ஏதாவது ஒரு பக்கத்தில் எழுத்து அடங்காமல் கிடந்தாலும் திரையின் அடியில் ஒரு சிவப்புப் புள்ளி எரிந்துகொண்டே இருக்கும்.

பழைய கம்பியூட்டரை எறியவிடாமல் அவள் தடுத்துவிட்டாள். இத்தனை வருடங்களில் அவள் செய்த கல்வெட்டுகள் நூற்றுக்கு மேல் அதற்குள் கிடக்கின்றன. ஒவ்வொரு நாளும் வேலை தொடங்குமுன் ஒன்றைத் திறந்து, ஒவ்வொரு பெட்டியாகக் கீழே இழுத்துப் பார்க்கிறாள்.