நான் செரி என்றேன், அவர்கள் நெருங்கினார்கள்

போன ஞாயிற்றுக்கிழமை என் நாத்தனார் மகனின் நிச்சயதார்த்தம். எல்லாரையும் ஒரே படத்தில் அடக்குகிறேன் பேர்வழி என்று போனைக் கண்ணுக்கு நேரே பிடித்துக்கொண்டு பின்னாலேயே நடந்தேன். ஆறாவது அடியில் முதுகு மோர் அண்டாவில் இடித்தது. என்னைப் பிடிப்பதா, அண்டாவைப் பிடிப்பதா என்று ஒரு நொடி யோசித்த சமையல்காரர் அண்டாவைப் பிடித்தார். நான் தரையில் உட்கார்ந்தேன்.

மகள் ஓடிவந்தாள். "எதுக்குமா பின்னாடி போற? பாயின்ட் ஃபைவ் ஒத்து, சாக்கு." மைசூரில் பிறந்த பிள்ளை, அவள் தமிழில் பாதி கன்னடம். ஒத்து என்றால் அழுத்து, சாக்கு என்றால் போதும். திரையில் அந்த எண்ணை அழுத்தினால் போதுமாம், போனே பின்னால் போய்விடுமாம். எனக்கு இடுப்பு வலியையும் மீறிச் சிரிப்பு வந்துவிட்டது.

வேலைக்குப் போன புதிதில் என் அண்ணன் வாங்கிக் கொடுத்த கேமராவில் அழுத்த ஒரே ஒரு பொத்தான்தான். முகம் பெரிதாக வேண்டுமென்றால் கிட்டே போகணும், ஊரே வேண்டுமென்றால் பின்னால் போகணும். நான் பின்னால் போகிற ரகம். அப்பா ரயில்வேக்காரர், எதிலும் ஒழுங்கு. "யார் காலையும் வெட்டிடாதே" என்பது மட்டும்தான் போட்டோக்கலை பற்றி அவர் சொன்னது. அதனால் என் படங்களில் எல்லாருக்கும் கால் இருக்கும், முகம்தான் இருக்காது. மேல்கோட்டைக்கு என் சிநேகிதி செல்வியோடு போய், குளத்தையும் மலையையும் வானத்தையும் விடாமல் எடுத்துத் தள்ளினேன். பிறகு பிரிண்ட் வந்தபோது, "இதுல நான் எங்கடி?" என்றாள். "அந்தப் படிக்கட்டுல மூணாவது புள்ளி" என்றேன். அவள் இரண்டு நாள் பேசவில்லை.

செல்வியும் நானும் மைசூர் ஹெப்பாளில் ஒரு பம்பு தயாரிக்கும் கம்பெனியில் ஸ்டோர்ஸ் பிரிவில் இருந்தோம். கம்பெனி பஸ்ஸில் எங்களுக்கு முன் சீட்டில் மஞ்சுநாத் உட்காருவார், அசெம்பிளியில் வேலை. பெயரோ மஞ்சுநாத், பேசுவதோ கன்னடம். அந்த பஸ்ஸில் தமிழ் எங்கள் இருவரின் சொந்தச் சொத்து என்று நினைத்துக்கொண்டு, அவர் பிடரியைப் பார்த்தபடியே அவரைப் பற்றிப் பேசுவோம். "நீலச் சட்டையில மாப்பிள்ளைக் களை வந்துடுச்சு பாரு" என்பாள் செல்வி. "முடி வெட்டினதுல காது ரெண்டும் பெருசாத் தெரியுது. ஆனா அழகுதான்" என்பேன் நான். அப்போதெல்லாம் அந்தக் காதுகள் சிவந்துபோகும். ஜன்னல் வெயில் என்று நினைத்தோம். வெயில் மறுபக்கம் அடித்த நாட்களிலும் அப்படித்தான் நினைத்தோம் என்றால் எங்கள் புத்தியைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் அவருக்குப் புனேவுக்கு மாற்றல் வந்தது. எனக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு வார்த்தை நேரில் பேசியதில்லை. அவர் முகம் தெரிகிற மாதிரி ஒரு படம்கூட என்னிடம் இல்லை. கேன்டீனில் திருட்டுத்தனமாக எடுத்த மூன்றிலும் அவர் ஒரு புள்ளி.

வழியனுப்பு விருந்தன்று சூப்பர்வைசர் என்னைக் குரூப் போட்டோ எடுக்கச் சொன்னார். ஃபிலிமில் மிச்சமிருந்தது ஒரே படம். மற்றதையெல்லாம் மேல்கோட்டை தின்றுவிட்டது. கிட்டே போனால் அவர் முகம் கிடைக்கும், தள்ளிப் போனால் இருபத்துமூன்று பேரும் கிடைப்பார்கள். ஆசை கிட்டே இழுத்தது. கால் வழக்கம்போலப் பின்னால் போனது.

மரத்தடியில் நின்ற எல்லாரும் கேமராக் கண்ணாடிக்குள் அடங்கியதும், "செரி, செரி" என்றேன். உடனே எல்லாரும் ஒருவரை ஒருவர் நெருக்கிக்கொண்டார்கள். போதுமே என்று மறுபடி "செரி" என்றேன். இன்னும் நெருக்கினார்கள். நான் வேறு அந்த வார்த்தையை இழுத்துச் சொல்கிறவள். சூப்பர்வைசரின் மூக்குக்கண்ணாடி பக்கத்திலிருந்தவர் தோளில் கோணிக்கொண்டது. "செரி, செரி" என்று கதறினேன். இருபத்துமூன்று பேரும் ஒரே மூட்டையாகிவிட்டார்கள்.

அப்போது முன்வரிசையிலிருந்து மஞ்சுநாத் பிதுங்கி வெளியே வந்தார். திரும்பி நின்று கன்னடத்தில் அவர்களுக்கு விளக்கினார்: கன்னடத்தில் 'சேரி' என்றால் சேர்ந்து நில்லுங்கள், இவர் சொல்வது தமிழ் 'சரி', போதும் என்கிறார். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. இவருக்கு எப்படித் தமிழ் தெரியும்?

அவர் என் பக்கம் நாலடி வந்து குரலைத் தாழ்த்தினார். "எங்கூரு ஹனூருங்க, தமிழ்நாட்டு எல்லைப் பக்கம். வூட்டுல தமிழ்தானுங்க." கொஞ்சம் நிறுத்தி, "கிட்ட வந்து எடுங்க. காது பெருசாத் தெரிஞ்சாலும் பரவால்லீங்க" என்றார்.

கூட்டத்தின் ஓரத்தில் நின்ற செல்வி வாயில் போட்ட மைசூர்பாகை விழுங்க மறந்தாள். பூமி பிளந்திருந்தால் நான் குதித்திருப்பேன். பிளக்கவில்லை. போன மானம் போயாச்சு, இனிமேல் என்ன என்று ஒரு குருட்டுத் துணிச்சல் வந்தது. வாழ்க்கையில் முதல்முறையாக முன்னால் நடந்தேன். கை நீட்டினால் மூக்கைத் தொடலாம் என்கிற அளவுக்குப் போய் அழுத்தினேன். ஃபிலிம் தீர்ந்தது.

"குரூப் போட்டோ ஆயித்தா?" என்றார் சூப்பர்வைசர். ஆயிற்று என்று கூசாமல் சொன்னேன். மஞ்சுநாத் தனக்கும் படத்தில் ஒரு பிரதி வேண்டுமென்று பஸ் டிக்கெட்டின் பின்னால் புனே முகவரியை எழுதிக் கொடுத்தார். அந்த டிக்கெட்டை நான் எங்கே வைத்துக்கொண்டேன் என்பது உங்களுக்கு வேண்டாம்.

அந்தக் கேமராவுக்கு நாலடிக்குள் கண் தெரியாது என்பது பிரிண்ட் வந்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. முன்னால் மஞ்சுநாத் பனிமூட்டம் போலக் கலங்கியிருந்தார். பின்னால் மற்ற இருபத்திரண்டு பேரும், கோணல் கண்ணாடி உட்பட, பளிச்சென்று சிரித்துக்கொண்டிருந்தார்கள். குரூப் பிரமாதம், குறுக்கே நிற்பது யார் என்று கேட்டார் சூப்பர்வைசர். மன்னிப்புக் கேட்டு புனேவுக்கு ஒரு பிரதி அனுப்பினேன். "படம் ரொம்ப நல்லா இருக்குங்க. முன்னாடி நிக்கறது யாருங்க?" என்று பதில் வந்தது. இரண்டு வருஷம் கடிதம் எழுதியும் பதில் சொல்லி முடியாததால் கல்யாணம் செய்துகொண்டோம்.

இப்போது அந்தக் கம்பெனி இல்லை. மரம் நின்ற இடத்தில் அடுக்குமாடி வீடுகள். பளிச்சென்று விழுந்த இருபத்திரண்டு பேரில் ஒருவர் முகவரியும் என்னிடம் இல்லை. கலங்கிப்போன ஒருவர் மட்டும் நிச்சயதார்த்தத்திலிருந்து வந்ததும், என் இடுப்புக்குத் தைலம் எடுத்துவைத்துவிட்டு, அண்டா நசுங்கியதா என்று விசாரித்துக்கொண்டிருந்தார்.

மகள் அந்தப் பழைய படத்தைப் போனில் ஏற்றி வைத்திருக்கிறாள். ஓரத்தில் வாய் நிறைய மைசூர்பாகோடு நிற்பவளைக் காட்டச் சொன்னேன். செல்வி போய்ச் சேர்ந்து மூன்று வருஷமாகிறது. அவள் இருந்திருந்தால் மோர் அண்டா கதைக்கு ஒரு வாரம் சிரித்திருப்பாள். மகள் இரண்டு விரலால் அவளைக் கிட்டே இழுத்தாள். இன்னும் கொஞ்சம் என்றேன். இழுத்தாள். இன்னும் என்றேன். கண் போயிற்று, சிரிப்பு போயிற்று, திரை முழுக்க வெறும் புள்ளிகள்.

"செரி" என்றேன். மகள் நகர்ந்து வந்து என்னோடு ஒட்டி உட்கார்ந்தாள்.