ஒரு சளிக்கு ஒரு மருந்து

என் மாமியாருக்குப் பெயின்ட் தொழிற்சாலையின் பரிசோதனைப் பிரிவில் வேலை. ஒரு சமயத்தில் ஒரு பொருளைத்தான் மாற்றிப் பார்ப்பார். இரண்டை மாற்றினால் எதனால் பெயின்ட் உரிந்தது என்றே தெரியாதாம். அதோடு விட்டிருக்கலாம். அந்தச் சட்டத்தை வீட்டுக்கும் கொண்டுவந்துவிட்டார்: ஒரு சளிக்கு ஒரு மருந்துதான்.

இருபது வருடமாக ஒரு நீல நோட்டு வைத்திருக்கிறார். ஆவி: பிடிக்கும்வரை சுகம், அப்புறம் பழைய கதை. உப்புத் தண்ணீரில் கொப்பளித்தது: தொண்டைக்கு இதம். பூண்டு: நாற்றம் மட்டும் நிச்சயம். தேன்: இரவு இருமல் குறைந்தது, நான்கு முறை. கல்யாணமான புதிதில் எனக்கு மூக்கு ஒழுகியபோது, "மாப்பிள்ளை, இந்தத் தடவை உங்களுக்கு ஒண்ணும் கிடையாது. ஒப்பிட்டுப் பாக்க ஆள் வேணும்" என்றார். எரிச்சலாக வந்தது. ஆனாலும் ஒரு வாரத்தில் சளி தானாகப் போய்விட்டது. அதையும் எழுதிக்கொண்டார்.

போன மாதம் எங்கள் பத்து மாதக் குழந்தைக்கு இருமல். நீல நோட்டு அப்போது எங்கள் வீட்டில் இருந்தது. என் மனைவி அதைப் புரட்டிவிட்டு அம்மாவுக்குச் செய்தி அனுப்பினாள்: "பாப்பாவுக்குத் தேன் குடுக்கப் போறேன்மா."

தீப்பிடிக்கும் பொருட்கள் இருக்கும் இடம் என்பதால் மாமியார் கைபேசியை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போக வேண்டும். தேநீர் இடைவேளையில்தான் பார்த்திருக்கிறார். ஒரு வயது ஆகாத குழந்தைக்குத் தேன் ஆகாது. ஆபத்து அரிதுதான், ஆனால் வந்தால் உயிருக்கே உலை வைக்கும். இது அவருக்கு நன்றாகத் தெரியும். அளவு, நேரம், தேதி எல்லாம் எழுதியவர், வயதை மட்டும் எழுதவில்லை. குடித்தவர்கள் எல்லாரும் பெரியவர்கள்.

அழைத்தார், அழைத்தார், யாரும் எடுக்கவில்லை. குழந்தை தூங்குகிறது என்று நாங்கள் மணியோசையை அணைத்து வைத்திருந்தோம்.

கையுறையைக்கூடக் கழற்றாமல் ஆட்டோ பிடித்து வந்து நின்றார்.

"குடுத்துட்டியா?"

"இல்லம்மா. இவர் எங்கிட்ட சொல்லாம காலையிலேயே மூக்குல டாக்டர் சொன்ன உப்புநீர்ச் சொட்டு விட்டுட்டாரு. ஒரு சளிக்கு ஒண்ணுதானே? எது கேட்டுச்சுன்னு எப்படித் தெரியும்? அதான் தேனை அப்படியே வெச்சுட்டேன்." அதற்காக எனக்குக் கிடைத்த அர்ச்சனை தனிக் கதை.

மாமியார் அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதார். விஷயம் தெரிந்ததும் நாங்கள் இருவரும் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டோம். அப்பாடா என்று மூச்சு வர வெகு நேரமாயிற்று.

பிறகு நோட்டை வாங்கி, தேன் பக்கத்தில் சிவப்பு மையால் எழுதினார்: "ஒரு வயதுக்குள் கூடவே கூடாது." மேசையில் இருந்த தேன் கரண்டியை எடுத்து, தானே வாயில் வைத்துக்கொண்டார். அவருக்கு இருமலும் இல்லை, சளியும் இல்லை. அதை மட்டும் எழுதவில்லை.