முள்ளங்கிச் சூப்பில் எலும்பு

தெருவில் எல்லாருக்கும் அவள் கடுகக்கா. ஆள் அந்த அளவுதான், காரம் மட்டும் குறையாது. வேகாத நூடுல்ஸை வெந்தது என்று சொன்னால் கணவன் என்றும் பார்க்க மாட்டாள். அழுகின தக்காளியை அடியில் வைத்து மேலே நல்லதை அடுக்கிக் கொடுத்த காய்க்காரனை நடுத்தெருவில் நிற்க வைத்து, கூடையை அவன் தலையில் கவிழ்த்தவள். அதற்குப் பிறகு அவன் அவளுக்கு மட்டும் பொறுக்கிப் பொறுக்கித்தான் போடுவான்.

கல்யாணத்துக்கு முன்னால் அவள் கோழிக்கடையில் தரை கழுவினாள். அறுத்து, உரித்து, துண்டு போடுகிற இடம். எத்தனை வாளி வெந்நீர் ஊற்றினாலும் சுவரில் பிடித்த கொழுப்பு போகாது. நகத்தால் சுரண்ட வேண்டும். வீட்டுக்கு வந்து சோற்றில் கை வைத்தால் அந்த நகத்திலிருந்து வாசம் வரும். யாரும் அவளுக்கு உபதேசம் செய்யவில்லை. ஒரு கட்டத்தில் மூக்கே வேண்டாம் என்று சொல்லிவிட்டது, அவளும் கறியை விட்டுவிட்டாள்.

அதனால்தான் கணவன் நூடுல்ஸ் கடை போடலாம் என்றபோது, "சைவக் கடைன்னா வரேன். இல்லேன்னா நீங்க தனியா போட்டுக்குங்க" என்றாள். அவன் மாவு பிசைந்து இழுப்பதில் கெட்டிக்காரன், வாய்தான் செத்த வாய். சரி என்றான். மாவு அவன் பொறுப்பு, சூப் அவள் பொறுப்பு. முள்ளங்கி, முட்டைக்கோஸ் தண்டு, சோளக் கதிரின் சக்கை, நெருப்பில் கருக்கிய வெங்காயம், காய்ந்த காளான் எல்லாம் பெரிய அண்டாவில் விடியும் முன்பே கொதிக்க ஆரம்பிக்கும். வாசலில் 'சுத்த சைவம்' என்று அவளே பெயிண்ட் வாங்கி எழுதினாள். எழுத்து கோணல். அதில் பொய் இல்லை.

கூட்டம் அலைமோதவில்லை, ஆனால் வருகிறவர்கள் நம்பி வந்தார்கள். அவர்களில் முதல் ஆள், எதிர்ச் சந்தில் தையல் மிஷின் போட்டிருந்த தையக்காரம்மா. மகன் சின்ன வயதில் காய்ச்சலில் கிடந்து, பிழைப்பது கஷ்டம் என்று டாக்டரே கையை விரித்தபோது, "இவன் எழுந்தா இனி ஒரு உயிரையும் வாயில வைக்க மாட்டேன்" என்று வேண்டிக்கொண்டவள். மகன் எழுந்தான். இப்போது வெளிநாட்டில் கிரேன் ஓட்டுகிறான். அவள் வாக்கு மாறவில்லை. வெளியே எங்கேயும் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காதவள், கடுகின் கடையில் மட்டும் சாப்பிடுவாள்.

அப்படியிருக்க, கடுகு குளியலறையில் வழுக்கி விழுந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். மாவுக்கட்டு. அண்டாவைத் தூக்குவது இருக்கட்டும், கரண்டியைக்கூடப் பிடிக்க முடியாது. அந்தச் சமயம் பார்த்து, வேலை செய்த பட்டறை மூடிப்போய் வீட்டில் சும்மா இருந்தான் கொழுந்தன். "நான் பாத்துக்கறேன் அண்ணி, நீங்க நிம்மதியா படுங்க" என்றான். சிரித்த முகம், சுறுசுறுப்பான கை. அவளும் நம்பினாள். ரெண்டு மாதம் வீட்டில் உட்கார்ந்து சுவரைத் திட்டினாள்.

வீட்டுக்கு வருகிற செய்தியெல்லாம் நல்ல செய்தியாகவே இருந்தது. கடையில் இடமில்லை, ஆட்கள் வெளியே நின்று சாப்பிடுகிறார்கள், எல்லாரும் இன்னொரு கரண்டி சூப் கேட்கிறார்கள். அவளுக்கு உள்ளுக்குள் கொஞ்சம் சுருக்கென்றது. தன் கையில் இல்லாத ருசி அவன் கையில் எப்படி வந்தது? 'சரி, கைராசி' என்று நினைத்துக்கொண்டாள்.

கட்டைப் பிரித்த மறுநாள், சொல்லாமல் கொள்ளாமல் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கடைக்குப் போனாள். கடை நிறைந்திருந்தது. தையக்காரம்மா சுவர் ஓரம் உட்கார்ந்து ஊதி ஊதிக் குடித்துக்கொண்டிருந்தாள். கடுகு நேராக அடுப்படிக்குப் போனாள். மேடையில் காலையில் வைத்த கரண்டி ஒன்று கிடந்தது. அதில் மிஞ்சிய சூப் ஆறி, மேலே வெள்ளையாக ஏடு படிந்திருந்தது. முள்ளங்கிச் சூப் ஆறினால் தண்ணீராகத்தான் இருக்கும். அவள் நகத்தால் சுரண்டினாள். சுரண்டியதும் நகத்துக்கே தெரிந்துவிட்டது.

கொழுந்தன் பார்த்துவிட்டான். "அண்ணி, நீங்க ஏன் இங்க வந்து கஷ்டப்படுறீங்க..."

அவள் இடுக்கியை எடுத்து அண்டாவுக்குள் விட்டுத் துழாவினாள். அடியிலிருந்து வெள்ளைத் துணி மூட்டை ஒன்று வந்தது. முடிச்சை அவிழ்த்தாள். கோழி எலும்பு, கழுத்து, கால்.

"என்னடா இது?"

"சத்தம் போடாதீங்க அண்ணி. ஒரு நாள் சும்மா போட்டுப் பாத்தேன். அன்னைக்கே எல்லாரும் இன்னும் கொஞ்சம் ஊத்துன்னாங்க. அப்புறம் எப்படி நிறுத்தறது? யாருக்கு என்ன கெட்டுப்போச்சு?"

"முழுப் பூசணிக்காயைச் சோத்துல மறைப்பாங்கன்னு கேள்விப்பட்டிருக்கேன். நீ முழுக் கோழியை முள்ளங்கில மறைச்சிருக்க."

சொல்லிவிட்டுக் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் மாவை விட்டு நிமிரவில்லை. பிசைந்த மாவையே திரும்பத் திரும்பப் பிசைந்தான்.

"உனக்குத் தெரியுமா?"

அன்றுவரை அவனை 'ங்க' போடாமல் கூப்பிட்டதில்லை. அந்த 'ங்க' அன்று போனதுதான்.

"தம்பி ஆசைப்பட்டான்... கூட்டமும் வந்துச்சு..." என்று அவன் மாவிடம் சொன்னான்.

கொழுந்தன் செய்தது திருட்டு. திருடனைத் திட்டலாம், அடிக்கலாம், விரட்டலாம். இவனை என்ன செய்வது? வேலியே மேய்ந்தால் பயிர் யாரிடம் போய்ச் சொல்லும்? அடுப்பை அணைத்தாள். மூட்டையைத் தட்டில் போட்டுக்கொண்டு கடை நடுவே வந்து நின்றாள்.

"யாரும் சாப்பிடாதீங்க. இதுல ரெண்டு மாசமா எலும்பு போட்டிருக்காங்க. எனக்கு இப்பத்தான் தெரியும்."

ஆளாளுக்குக் கிண்ணத்தைக் கீழே வைத்தார்கள். ஓர் ஆட்டோக்காரர் மட்டும் உறிஞ்சிக்கொண்டே, "இருந்தா இருந்துட்டுப் போகட்டும்க்கா, நல்லாத்தானே இருக்கு" என்றார். அவர் முன்னால் இருந்த கிண்ணத்தைப் பிடுங்கினாள். எதிர்க் கட்டடத்தில் வேலை பார்க்கும் ஆபீஸ்காரர் ஒருவர் எழுந்து, "இதை ஏம்மா எங்ககிட்ட சொல்றீங்க? தெரியாம இருந்தா நிம்மதியாவாவது இருந்திருப்போம்" என்று அவளிடம்தான் எரிந்து விழுந்தார். எலும்பு போட்டவனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. போட்டதைச் சொன்னவள்தான் குற்றவாளி. அதை நினைத்தால் இன்றைக்கும் அவளுக்குப் பல் நறநறவென்கிறது.

தையக்காரம்மா கத்தவில்லை. கிண்ணத்தை மெதுவாகத் தள்ளி வைத்தாள். பையிலிருந்து ஃபோனை எடுத்தாள். எண் தப்புத் தப்பாக விழுந்தது. கடைசியில் மணி போயிற்று.

"என்னம்மா, இந்நேரத்துல? வேலைல இருக்கேன்" என்று மகன் குரல் கேட்டது.

"நல்லா இருக்கியா?"

"நல்லாத்தான் இருக்கேன். என்னாச்சு?"

"கீழ பாத்து இறங்கு. மெதுவா இறங்கு."

ஃபோனை வைத்தாள். எழுந்து போய்விட்டாள்.

கடுகு அண்டாவைத் தள்ளிக்கொண்டு போய் அத்தனையையும் சாக்கடையில் கொட்டினாள். கொழுந்தனின் துண்டை எடுத்து வாசலில் போட்டாள். "போ" என்ற ஒரே சொல்தான். மாமியார் வந்து, "புருஷன்கூடப் பிறந்தவனை இப்படியா விரட்டுவாங்க, குடும்பம் ரெண்டாயிடுச்சே" என்று மூக்கைச் சிந்தினாள். "ரெண்டாக்குனது நான் இல்ல அத்தை. எலும்பு" என்றாள் கடுகு.

பிறகு கணவனைத் தெருவில் இறக்கினாள். யார் யார் கறி தொடாதவர்களோ, அவர்கள் வீட்டுக்கெல்லாம் அவனே போய்த் தன் வாயால் சொல்ல வேண்டும். அவன் போனான். சிலர் போகட்டும் விடு என்றார்கள். ஒருவர் எச்சில் துப்பினார். தையக்காரம்மா கதவைத் திறக்கவே இல்லை.

ஆகவே கடுகே போனாள். தையக்காரம்மா மிஷினை நிறுத்தவில்லை, தலையும் தூக்கவில்லை.

"உன்மேல கோவம் இல்ல. ஆனா உன் கடைல இனி என்னால வாய் வைக்க முடியாது."

"வைக்க வேணாம்க்கா."

"அவன் நல்லாத்தான் இருக்கான். எனக்குத் தெரியுது. ஆனாலும் தினம் எழுந்ததும் ஃபோன் பண்ணிக் கேக்க வேண்டியிருக்கு. எடுக்க லேட்டானா உசிரு போயிடுது. இத்தனை வருஷம் அந்தப் பயம் இல்லாம இருந்தேன். அதை உங்க வீட்டு ஆம்பளைங்க திரும்பக் கொண்டாந்து வச்சுட்டாங்க."

கடுகு வீட்டுக்கு வந்து அந்தச் சொற்களை ஒன்று குறையாமல் கணவனிடம் சொன்னாள். அவன் அன்று சாப்பிடவில்லை. அவளும் சாப்பிடச் சொல்லவில்லை.

கொழுந்தன் தெருமுனையில் தனிக் கடை போட்டான். போர்டில் கோழிப் படமே பெரிதாக வரைந்திருந்தான். கூட்டம் அங்கே போயிற்று. ஆட்டோக்காரர் போனார், ஆபீஸ்காரரும் போனார். இவள் கடையில் ஈ உட்காரக்கூட யோசித்தது. அடுப்பை வாசலுக்கு இழுத்து, அண்டாவைத் திறந்தபடி வைத்தாள். யார் வேண்டுமானாலும் கரண்டி விட்டுத் துழாவிப் பார்க்கலாம். முதலில் சிலர் துழாவிப் பார்க்க மட்டுமே வந்தார்கள். பிறகு ஆஸ்பத்திரி நர்சுகள் ரெண்டு பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். மெல்ல மெல்ல, வாடகைக்கும் வயிற்றுக்கும் போதும் என்கிற அளவுக்குக் கடை நிமிர்ந்தது. அதற்கு மேல் நிமிரவில்லை.

ஒரு மதியம் கொழுந்தன் வந்தான். அவன் கடையில் கேஸ் தீர்ந்து அடுப்பு எரியவில்லையாம். வந்தவன் தயங்கி ஓரமாக உட்கார்ந்தான். கணவன் கை மாவில் நின்றது. கடுகு கிண்ணத்தில் நூடுல்ஸைப் போட்டு, சூப்பை ஊற்றி அவன் முன்னால் வைத்தாள். அவன் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

"அண்ணி, கோவம் போயிடுச்சா?"

"போகல. பசின்னு வந்த, போட்டேன். அது வேற, இது வேற" என்றவள், வாசலில் நின்ற நர்சிடம் திரும்பி, "உனக்கு என்னம்மா, காரம் போடவா?" என்று கேட்டாள்.