பெரியம்மாவைக் காலி செய்ய வந்த மாமா

மாமா அமெரிக்காவில் என்ன வேலை பார்க்கிறார் என்று யாராவது கேட்டால் "ஊர் கட்டுற வேலை" என்று சொல்ல வேண்டும். அம்மா எனக்குச் சொல்லித் தந்திருந்த பதில் இது. தன் தம்பியைப் பற்றி அவளுக்குத் தெரிந்ததும் அவ்வளவுதான். ஆறாம் வகுப்பு முழுக்க நான் அதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அந்தக் கோடை விடுமுறையில் அவர் ஆரணிக்கு வந்து எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து விளக்கிய பிறகுதான் விஷயம் வேறு என்று தெரிந்தது.

அவர் வேலை பார்த்த ஊரில் ஒரு காலத்தில் கார் தொழிற்சாலைகள் இருந்தனவாம். அவற்றை மூடியதும் ஜனங்கள் பிழைப்பைத் தேடிப் போய்விட்டார்கள். நீளமான தெரு, இரண்டு பக்கமும் வீடு, ஆனால் இரண்டோ மூன்றோ வீட்டில்தான் ஆள். அந்த இரண்டு மூன்று பேருக்காகத் தெருவிளக்கும் தண்ணீர்க் குழாயும் குப்பை வண்டியும் வைத்து நகராட்சிக்குக் கட்டுப்படியாகவில்லை. மிச்சமிருப்பவர்களை ஊர் நடுவில் கொண்டுவந்து சேர்த்துவிட்டால் ஊர் மறுபடி தலையெடுக்கும் என்று ஒரு திட்டம் போட்டார்கள். கதவைத் தட்டி, உள்ளே உட்கார்ந்து, பேசி, அவர்களைக் கிளப்புவதுதான் மாமாவின் உத்தியோகம்.

அம்மாவுக்கு முகம் தொங்கிவிட்டது. அப்பாவுக்கோ பிரகாசமாகிவிட்டது.

ஏனென்றால் எங்களுக்கும் கிளப்ப வேண்டிய ஆள் ஒருத்தி இருந்தாள். ஊருக்குள் எங்கள் பழைய வீடு அப்பாவுக்கும் பெரியப்பாவுக்கும் பொது. நாங்கள் முள்ளிப்பட்டு போகும் வழியில் புதிதாக மனை போட்ட இடத்தில் வீடு கட்டிக்கொண்டு வந்துவிட்டோம். பெரியப்பா காலமானார். பிள்ளை இல்லாத பெரியம்மா மட்டும் அங்கேயே இருந்தாள். அந்தத் தெருமுனைப் பட்டுச்சேலைக் கடைக்குக் கல்யாண ஜவுளி எடுக்கச் சென்னையிலிருந்து கார் காராக வந்துகொண்டிருந்த காலம். கார் நிறுத்த இடம் வேண்டுமென்று கடைக்காரர் எங்கள் பழைய வீட்டுக்கு இரண்டு பக்கமும் இடத்தை வாங்கிவிட்டார். நடுவில் நின்றது பெரியம்மா. அவள் கையெழுத்து இல்லாமல் அப்பாவின் பங்கையும் விற்க முடியாது. சொந்தக்காரர்கள், வார்டு கவுன்சிலர், கோயில் குருக்கள் என்று அப்பா அனுப்பாத ஆளில்லை. எல்லாரும் அவள் கையால் காபி குடித்துவிட்டுத் திரும்பி வந்தார்கள்.

"எங்கூட வந்து இருங்க அண்ணி, ராணி மாதிரி வச்சுக்கிறேன்" என்பார் அப்பா.

"ராணிக்கு உன் வீட்ல எந்த அடுப்பு?" என்பாள் பெரியம்மா.

அவளுக்கு இருந்த ஒரே பயம் அதுதான். சொந்த வீட்டில் அவள் எப்போது எழுந்து எதைச் சமைத்தாலும் கேட்க ஆளில்லை. எங்கள் வீட்டுக்கு வந்தால் அவள் கொழுந்தன் வீட்டில் ஒண்டியிருக்கும் விதவை. அப்பா அதைப் பிடிவாதம் என்று நினைத்தார்.

"மச்சான், வெள்ளைக்காரனையே கிளப்புறீங்க, எங்க அண்ணியக் கிளப்ப மாட்டீங்களா?" என்று அப்பா கேட்டார். தேசூரிலிருந்து வந்து, பெரியம்மா வீட்டில் தங்கி, அவள் போட்ட சோற்றில் பள்ளிக்கூடம் முடித்தவர் மாமா. மறுநாள் காலை என்னையும் கூட்டிக்கொண்டு அவள் வீட்டுக்குப் போனார்.

அப்புறம் தினமும் போனோம். வீட்டைப் பற்றி அவர் பேசவே இல்லை. காலையில் தெருவில் பட்டிழைகளைக் கழிகளில் கட்டி இழுத்துப் பாவு போட்டிருப்பார்கள். மூவரும் சுவரோரமாக ஒதுங்கிப் போவோம். பெரியம்மா கீரைக்காரியிடம் சண்டை போடுவாள், மாமா பையைப் பிடித்துக்கொண்டு நிற்பார். எதிர் வீட்டுத் தறிக்கூடத்தில் அவள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுவாள், மாமாவும் உட்காருவார். பால் யார் ஊத்துறாங்க, ஜுரம் வந்தா யாரைக் கூப்பிடுவீங்க, சாயங்காலம் எங்க உட்காருவீங்க என்று நடுநடுவே சின்னச் சின்னதாகக் கேட்பார். பெரியம்மாவும் சந்தோஷமாகச் சொல்லிக்கொண்டே இருந்தாள். தன்னிடம் இவ்வளவு கேள்வி கேட்டவர்கள் சமீபத்தில் யாரும் இல்லை.

வீடு திரும்பியதும் அப்பா என்னைத் தனியே அழைத்து விசாரிப்பார்.

"மாமா இன்னா பேசுனாரு?"

"அரைக்கீரை வாங்கினோம்ப்பா."

அப்பா தலையில் கை வைத்துக்கொள்வார். ஆளைக் கிளப்ப அதுதான் அமெரிக்கப் பாணி என்று அவருக்குத் தெரியாது.

ஒரு வாரம் போலக் கழித்து மாமா வேலையைத் தொடங்கினார். எங்கள் வீட்டின் ஓரத்து அறைக்குத் தனி அடுப்பு மேடை, ரோட்டைப் பார்த்துத் தனி வாசல். அப்பா முனகிக்கொண்டே கொத்தனாரைக் கூப்பிட்டார். பழைய பால்காரரே இவ்வளவு தூரம் வந்து ஊற்ற ஒப்புக்கொண்டார். ஷேர் ஆட்டோக்காரர் ஒருவர் தினமும் எங்கள் வாசலில் நின்று பெரியம்மாவை ஊருக்குள் ஏற்றிப்போவதாகச் சொன்னார். தனி வாசலை வைத்து முடித்த அன்று மாமா ரோட்டில் நின்று சுற்றிலும் பார்த்தார். அகலமான ரோடு, வரிசையாக மனைக்கல், முழங்கால் உயரத்துக்குப் புல், அங்கொன்றும் இங்கொன்றுமாக வீடு.

"எங்க ஊரு மாதிரியே இருக்குது" என்றார்.

எனக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை. அப்பா அந்த வாக்கியத்தைப் பார்ப்பவர்களிடமெல்லாம் சொன்னார். அமெரிக்கா மாதிரியே இருக்கிறதென்று அமெரிக்காவிலிருந்து வந்தவரே சொல்லிவிட்டார்!

ஊருக்குக் கிளம்ப இரண்டு நாள் இருக்கும்போது மாமா பெரியம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னார். சாப்பாட்டு நேரம். அவருக்கும் எனக்கும் அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். அடுப்பு, வாசல், பால், ஆட்டோ என்று அவர் சொல்லச் சொல்ல, கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்.

"எல்லாத்தையும் யோசிச்சி வச்சிருக்கியே" என்றாள். பிறகு, "அங்க நீ கிளப்பி வுட்டவங்கள, அப்புறமா போய்ப் பாப்பியா தம்பி?" என்று கேட்டாள். மடக்குவதற்காகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டாள்.

"இல்லக்கா."

"ஏன்டா?"

"போவணும்னு நெனச்சிகினே இருப்பேன். அதுக்குள்ள அடுத்த தெரு வந்துடும்." மாமா சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். "ஒரு பெரியவரு. மொதல்ல சரின்னு சொன்னது அவருதான். அவரு வீட்ட இடிச்சப்புறம் அந்தப் புல்லுமேல தெனமும் வந்து நாற்காலி போட்டு உக்காந்துகினு இருந்தாரு. கார்ல போவசொல்லோ பாத்தேன். நான் வண்டிய நிறுத்தலக்கா. அந்தத் தெருப்பக்கமே அப்புறம் போவல."

பெரியம்மா அவரையே பார்த்தாள். நானும் பார்த்தேன். தாடி சரியாக மழிக்காத, கண்ணுக்குக் கீழே கறுத்த, ரொம்பவும் களைத்த ஒரு மனிதர். இத்தனை நாளும் அது விமானப் பயணத்தின் அலுப்பு என்றுதான் எங்கள் வீட்டில் பேசிக்கொண்டார்கள்.

"எத்தினி பேரு உன்ன வெளிய போடான்னு சொல்லியிருப்பாங்க?" என்று கேட்டாள்.

அவள் இன்னொரு கரண்டி சோறு வைத்துக் குழம்பு ஊற்றினாள். "சாப்புடு. கையெழுத்து எங்க போடணும்னு சொல்லு, போட்டுடறேன்."

மாமா பதறிவிட்டார். "வேணாங்க்கா. ஜல்தி இல்ல. இன்னும் கொஞ்ச நாள் யோசிங்க."

"உனக்கு லீவு முடியுதில்ல. எங்கிட்ட வந்துட்டு வெறுங்கையோட போவாத."

நான் பாதிச் சாப்பாட்டில் எழுந்து, கையைக்கூடச் சரியாகக் கழுவாமல் ஓடினேன். தெருமுனையில் காத்திருந்த அப்பாவிடம், "மாமா ஜெயிச்சிட்டாரு!" என்று கத்தினேன். அப்பா என்னைத் தூக்கிச் சுற்றினார். அரைக் கிலோ மைசூர்பாகு வாங்கிக்கொண்டு நாங்கள் திரும்பியபோது மாமா தட்டின் முன்னால் அப்படியே உட்கார்ந்திருந்தார். மைசூர்பாகு வேண்டாம் என்றார். அவர் பங்கையும் நானே தின்றேன்.

பெரியம்மா தனி வாசலுக்குக் குடிவந்தாள். பழைய வீட்டை இடித்துத் தரைமட்டமாக்கிக் கார் நிறுத்தினார்கள். பால்காரர் கொஞ்ச நாள் வந்து, கட்டுப்படியாகவில்லை என்று நின்றுவிட்டார். ஷேர் ஆட்டோ அதற்கு முன்பே நின்றுபோயிருந்தது. பெரியம்மா தன் அடுப்பில் தனக்கு மட்டும் சமைத்துக்கொண்டு, வாசலில் உட்கார்ந்து, யாரும் வராத ரோட்டைப் பார்ப்பாள். அவளைப் பார்க்க எனக்கு எரிச்சலாக இருந்தது. இவ்வளவு நல்ல வாசல் வைத்துக் கொடுத்தும் ஒரு மனுஷி இப்படியா முகத்தை வைத்துக்கொள்வாள் என்று அம்மா சொல்வதை நானும் சொல்வேன்.

ஆனால் ஞாயிற்றுக்கிழமை மாமாவின் போன் வந்துவிட்டால் அவள் குரலே மாறிவிடும்.

"எனக்கு இன்னாடா கொறச்சல்? ஒரே ஜனம். பக்கத்து ஊட்டுக்காரி இப்பதான் எழுந்து போனா. பேச்சு பேச்சு, பேஜாரா போச்சு. நீ கவலப்படாம வேலையப் பாரு."

நான் எட்டிப் பார்த்தேன். பக்கத்தில் மனைக்கல்லும் புல்லும்தான் இருந்தன. பள்ளிக்கூடத்தில் பொய் சொல்லக் கூடாது என்று கற்றுத் தந்ததை மறக்காதவள் நான். போனை அவள் கையிலிருந்து பிடுங்கி, "மாமா, பெரியம்மா பொய் சொல்லுது. பக்கத்துல வீடே இல்ல. யாருமே வரல. ஆட்டோகூட நின்னுடுச்சி" என்றேன். பெரியம்மா என் தொடையில் ரத்தம் கட்டும்படி கிள்ளினாள். அதுவரை அவள் என்னை அடித்ததே இல்லை.

அந்தப் பக்கம் ஒரு சத்தமும் இல்லை. ஹலோ, ஹலோ என்று கத்திப் பார்த்தேன். போனை உதறிப் பார்த்தேன். லைன் கட்டாகிவிட்டது என்று அவளிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு, தொடையைத் தேய்த்துக்கொண்டே விளையாடப் போய்விட்டேன்.