மருந்து என்று அவர் சொன்னார்

வெளிநாட்டுக்காரர்கள் இறால் பண்ணையைப் பார்வையிட வருகிறார்கள், ஒரு நாள் கூடவே இருந்து மொழிபெயர்க்க முடியுமா என்று மீன்வளத் துறையிலிருந்து கேட்டபோது, வகுப்புக்குப் போகிற அவசரத்தில் சரி என்று சொல்லிவிட்டேன். பாளையங்கோட்டையில் ஒரு கல்லூரியில் ஆங்கிலம் நடத்துகிறேன். எங்களுடையது சைவக் குடும்பம். இறாலைக் கையால் தொட்டது கிடையாது. ஆனால் முந்தைய வருஷம் மீன் வளர்ப்பவர்களுக்கான சில கையேடுகளைத் தமிழில் மாற்றிக் கொடுத்திருந்தேன். அதை நினைவு வைத்துக் கூப்பிட்டார்கள்.

பயம் காரில் ஏறிய பிறகுதான் தொடங்கியது.

காலையில் வண்ணார்பேட்டைக்கே வண்டி வந்தது. முன்னால் உட்கார்ந்திருந்த துறை அதிகாரி எங்கள் ஊர்ப் பக்கத்துக்காரர்தான். வெளிநாட்டவர்கள் தங்கியிருந்த விடுதிக்குப் போகும் வழியில், டிரைவருக்குக் கேட்காதபடி குரலைத் தாழ்த்திச் சொன்னார்.

"மேடம், இது சும்மா பேச்சை மாத்திச் சொல்லுத வேலை இல்ல. நம்ம இறாலை வாங்குத நாடுகளும் நாமளும் சேர்ந்து ஒரு ஏற்பாடு பண்ணியிருக்கோம். குளத்துல தடை செஞ்ச மருந்து போடக் கூடாது. அதக் கண்காணிக்கது நம்ம பொறுப்பு. நாம ஒழுங்கா கண்காணிக்கோமான்னு பாக்கத்தான் இவங்க வந்திருக்காங்க. எந்தப் பண்ணைன்னு நேத்துதான் அவங்களே சொன்னாங்க."

"ஏதாவது சரியில்லைன்னா?"

"அந்தப் பண்ணையோட போகாது. தூத்துக்குடியில கப்பல் ஏறக் காத்துக்கிட்டிருக்க பெட்டியெல்லாம் நிக்கும். இறால் உரிக்குத பொம்பளைங்க, ஐஸ் ஏத்துதவன், லாரி ஓட்டுதவன், எல்லாருக்கும் வேலை போவும்." என் பக்கம் திரும்பினார். "வார்த்தையப் பாத்து எடுங்க."

என் ஒரு சொல்லில் இவ்வளவும் தொங்கும் என்று நான் நினைத்தே பார்த்ததில்லை. பையிலிருந்த தண்ணீர் பாட்டிலை எடுத்துக் குடித்தேன். 

வந்தவர்கள் இருவர். ஒருவர் கால்நடை மருத்துவர், என் வயதுப் பெண். வெயிலில் மூக்கு சிவந்து தோல் உரிந்திருந்தது. இன்னொருவர் வயதானவர், மாதிரி எடுக்கிற பெட்டியை மடியிலேயே வைத்திருந்தார். ஸ்ரீவைகுண்டம் தாண்டி ஏரல் பக்கம் போகும்போது வாழைத்தோட்டங்களுக்கு நடுவே ஆறு தெரிவதும் மறைவதுமாக வந்தது. அந்தப் பெண் என்னிடம் கேட்டார், இந்தத் தண்ணீரைத்தான் குடிக்கிறீர்களா என்று. ஆமாம் என்றேன்.

"குளத்தில் போடுகிற மருந்து குளத்தோடு நிற்காது," என்றார். "ஆற்றுக்கும் கடலுக்கும் போகும். கிருமிகள் அதற்குப் பழகிக்கொள்ளும். அப்புறம் ஆஸ்பத்திரியில் அதே மருந்து வேலை செய்யாது. எங்கள் ஊரில் உள்ளவர்களுக்காக மட்டும் நாங்கள் இதைக் கேட்கவில்லை."

 போன வருஷம் என் மகளுக்குக் காய்ச்சல் வந்து இறங்காமல் கிடந்தது. டாக்டர் ஊசி மருந்தை மாற்றினார், பிறகு மறுபடியும் மாற்றினார். மாற்றும்போது அவர் என் கண்ணைப் பார்க்கவில்லை. மகள் தேறிவிட்டாள். ஆனால் அவர் பார்வையைத் தவிர்த்தது எனக்குள் அப்படியே இருந்தது. 

ஆறு கடலில் சேர்கிற இடத்துக்குக் கொஞ்சம் முன்னால், உப்பளங்களைத் தாண்டி இருந்தது பண்ணை. கறுப்பு பிளாஸ்டிக் விரித்த குளங்கள். பறவை இறங்காமல் மேலே வலை. தண்ணீருக்குள் காற்றைக் கலக்கும் சக்கரங்கள் சுற்றி நுரையைக் கிளப்பிக்கொண்டிருந்தன. வாசலில் கிருமி போவதற்கு வைத்திருந்த ஊதா நிறத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டு உள்ளே போனோம்.

முதலாளி காயல்பட்டினத்துக்காரர். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு வந்து இந்தக் குளங்களை வெட்டியவர். இறால் பிடிக்கிற பருவத்துக்கு வந்திருந்தது. வந்தவர்களுக்கு இளநீர் கொடுத்துவிட்டு என் பக்கம் வந்து நின்றார்.

"டீச்சரம்மா, நான் அல்லாஹ்வுக்குப் பயந்து தொழில் செய்யுதவன். என் குளத்துல ஒண்ணும் கெடையாது. நீங்க அத அவங்களுக்குப் புரியும்படியாச் சொல்லிருங்க."

"அவங்க கேக்கதுக்கு நீங்க சொல்லுத பதிலை நான் அப்படியே சொல்லுவேன்," என்றேன். அவர் அதில் திருப்தியடைந்ததாகத் தெரியவில்லை.

வயதானவருக்கும் முதலாளிக்கும் அதிகாரியே பேச்சை மாற்றிச் சொல்வதாக ஏற்பாடாகி, மூவரும் அலுவலக அறைக்குள் போனார்கள். அந்தப் பெண் குளத்தில் தீனி போடுகிற ஆளிடம் தனியாகப் பேச வேண்டும் என்றார். முதலாளி கூட இருக்கக் கூடாது, அதிகாரியும் இருக்கக் கூடாது. அது அவர்கள் விதி. மோட்டார் கொட்டகைக்குள் நாங்கள் மூன்று பேர் மட்டும் உட்கார்ந்தோம்.

அந்த ஆள் ராதாபுரம் பக்கத்திலிருந்து வந்தவர். ஐம்பது வயதிருக்கும். பண்ணையிலேயே தங்கி வேலை பார்க்கிறார். கவிழ்த்துப் போட்ட தீனி வாளியின் மேல், இரண்டு கையையும் தொடைக்கு அடியில் கொடுத்து உட்கார்ந்திருந்தார். பெயரைக் குறித்துக்கொள்ள மாட்டோம் என்று அந்தப் பெண் சொன்னதை நான் தமிழில் சொன்னேன். தலையை ஆட்டினார். நம்பியதாகத் தெரியவில்லை.

எப்போது தீனி போடுவீர்கள், தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று கேள்விகள் சாதாரணமாகத்தான் போயின. பிறகு அந்தப் பெண் கேட்டார்: "இறால் சோர்ந்து போனால் என்ன செய்வீர்கள்?"

"மருந்து போடுவோம்மா," என்றார் அவர்.

 எங்கள் ஊரில் எதுதான் மருந்து இல்லை? எறும்புக்குத் தூவுகிற பொடி மருந்து. வயலில் அடிக்கிற பூச்சிக்கொல்லி மருந்து. தீபாவளிக்குக் கிண்டுகிற லேகியமும் மருந்து. இவர் எதைச் சொல்கிறார்? சத்துப்பொடியாக இருக்கலாம், சுண்ணாம்பாக இருக்கலாம். ஆனால் ஆங்கிலத்தில் நான் எந்தச் சொல்லைச் சொன்னாலும் அது ஒரு பக்கம் சாய்ந்துவிடும்.

"எதைச் சொல்கிறார் என்று அவரிடமே கேட்டுவிட்டுச் சொல்லட்டுமா?" என்று அந்தப் பெண்ணிடம் கேட்டேன்.

"முதலில் அவர் சொன்னதைச் சொல்லுங்கள்."

சொன்னேன். 'மெடிசின்' என்ற சொல்லைத்தான் எடுத்தேன். அந்தப் பெண்ணின் பேனா நின்றது.

"எந்த மருந்து? காட்டச் சொல்லுங்கள்."

அந்த ஆள் எழுந்து கொட்டகையின் மூலைக்குப் போனார். ஒரு மஞ்சள் டப்பா, ஒரு சாக்கு. டப்பாவில் நல்ல கிருமிகளை வளர்க்கிற பொடி, சாக்கில் தாது உப்பு. இரண்டிலும் பெயர் அச்சடித்திருந்தது, இரண்டும் அனுமதி உள்ளவை. எனக்கு மூச்சு வந்தது. அப்போதுதான் அவர் மறுபடியும் குனிந்து, கயிற்றுச் சுருளுக்குப் பின்னாலிருந்து இன்னொன்றை எடுத்தார். பாலிதீன் பையில் வெள்ளைப் பொடி. வாயை நூலால் கட்டியிருந்தது. பெயர் எதுவும் இல்லை. அதை ஏன் எடுத்தார் என்று இன்றைக்கும் எனக்கு விளங்கவில்லை. கொட்டகையை எப்படியும் சோதிப்பார்கள் என்று பயந்திருக்கலாம்.

"போன மழையில இறாலுக்கு வெள்ளக் கழிச்சல் வந்துச்சும்மா. பொறத்தால உள்ள பண்ணைக்காரன் ஒருத்தன் இதக் குடுத்தான். போட்டா ஒடனே நிக்கும்னான். முதலாளிக்குத் தெரியாது. நான் போடலம்மா. பயமா இருந்துச்சு, போடல. இத மட்டும் அவிய கிட்ட சொல்லாதிய. கும்புடுதேன்."

அந்தப் பெண்ணுக்குத் தமிழ் தெரியாது. கெஞ்சுகிற குரல் எந்த மொழியிலும் தெரியும். என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன சொன்னார்?"

வெளியே சக்கரங்கள் தண்ணீரை அடித்துக்கொண்டே இருந்தன.  பாதியை விட்டுவிட்டுச் சொல்லலாம் என்று தோன்றாமல் இல்லை. ஆனால் விட்டதை யாராவது பிறகு கண்டுபிடித்தால் அவர் போடவில்லை என்று சொன்னதையும் சேர்த்தே நம்ப மாட்டார்கள் என்ற பயம் அதைவிடப் பெரிதாக இருந்தது. என் மகள் படுத்திருந்த கட்டிலும் நினைவுக்கு வந்தது. பேனாவின் முனையையே பார்த்துக்கொண்டு எல்லாவற்றையும் சொன்னேன். மழை, கழிச்சல், பக்கத்துப் பண்ணைக்காரன், போடவில்லை, பயம். சொல்லாதீர்கள் என்று கேட்டதையும் சொன்னேன்.

அந்தப் பெண் குறித்துக்கொண்டார். முகத்தில் ஒன்றும் தெரியவில்லை.

அதற்குப் பிறகு எல்லாம் வேகமாக நடந்தது. வயதானவர் வந்து பொடியைத் தனிப் பையில் போட்டு முத்திரை வைத்தார். வலை வீசி ஒவ்வொரு குளத்திலிருந்தும் இறால் எடுத்து ஐஸில் வைத்தார்கள், தண்ணீரையும் புட்டிகளில் பிடித்தார்கள். பரிசோதனை முடிவு வரும்வரை இறாலைப் பிடிக்கக் கூடாது என்று அதிகாரி முதலாளியிடம் சொன்னார். முதலாளி அந்தப் பையைப் பார்த்தார். பிறகு தீனி போடுகிற ஆளைப் பார்க்காமல் என்னைப் பார்த்தார்.

சாயங்காலம் திரும்பினோம். விடுதியில் இறங்குமுன் அந்தப் பெண் சொன்னார்: "பொடி இருந்தது என்பது ஒன்று. அதைக் குளத்தில் போட்டார்களா என்பது வேறு. பரிசோதனை சொல்லும்." ஆறுதலுக்குச் சொன்னாரோ என்னவோ, எனக்கு அது இன்னும் பயத்தைத்தான் கொடுத்தது. அந்த ஆள் பொய் சொல்லியிருந்தால்?

என் வீட்டுக்காரரிடம் நடந்ததைச் சொன்னேன். "நீ கேட்டதச் சொன்ன. அதுக்கு மேல ஒனக்கென்ன?" என்றார். ஆனால் அன்றிலிருந்து வாசல் கேட்டுக்குப் பூட்டு போட ஆரம்பித்தார். ஏன் என்று நான் கேட்கவில்லை. மகள் டியூஷன் விட்டு வரும் நேரம் மாடியிலிருந்து தெருமுனையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். தெரியாத எண்ணிலிருந்து போன் வந்தால் அடித்து ஓயும்வரை கையில் வைத்துக்கொண்டே இருந்தேன். வகுப்பில் ஒரு மாணவி ஏதோ சொல்லுக்குப் பொருள் கேட்டாள். தெரிந்த சொல்தான். பதில் வர நேரமாயிற்று.

ஒரு சாயங்காலம் பண்ணை முதலாளி எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றார். கூட அவர் மைத்துனர். வீட்டுக்காரர் பூட்டைத் திறக்கத் தயங்கினார்.

"சண்டைக்கு வரல அண்ணாச்சி," என்றார் அவர். "டீச்சர்கிட்ட ஒரே ஒரு விஷயம் கேக்கணும்."

உள்ளே வந்து நாற்காலி நுனியில் உட்கார்ந்தார். காபி வேண்டாம் என்றார். ஆள் இளைத்திருந்தார்.

"அவன் வேலைய விட்டுப் போயிட்டான் டீச்சர். சொல்லாமப் போயிட்டான். எறால் குளத்துல நிக்குது. மழை வேற வரும்னு சொல்லுதாங்க, வந்தா மறுபடியும் நோவு விழும். அவன் போட்டானா, போடலையா? நீங்கதான் அவன் சொல்லும்போது மொகத்தப் பாத்தீங்க. நெசத்தச் சொன்னானா?"

அந்த ஆள் பேசும்போது நான் அவர் முகத்தைப் பார்க்கவே இல்லை. முதலில் அந்தப் பையையும் பிறகு பேனாவையும்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அதையே சொன்னேன்.

"துஆ செய்யுங்க டீச்சர், வேண்டிக்கிடுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு எழுந்தார். அவர் போன பிறகும் வீட்டுக்காரர் கேட்டைப் பிடித்துக்கொண்டே நின்றார்.

முடிவு வந்ததை அதிகாரிதான் போனில் சொன்னார். அந்தப் பொடி தடை செய்யப்பட்ட மருந்தேதான். ஆனால் எந்தக் குளத்து இறாலிலும் அதன் சுவடு இல்லை, தண்ணீரிலும் இல்லை. அந்த ஆள் சொன்னது நிஜம். இறாலைப் பிடிக்க அனுமதி கொடுத்துவிட்டார்கள். பொடி கொடுத்த பண்ணையைச் சோதிக்கிறார்கள், இந்தக் கரையிலிருந்து போகும் பெட்டிகளைக் கொஞ்ச காலத்துக்குக் கூடுதலாகப் பரிசோதிப்பார்கள், ஆனால் எதுவும் நிற்கவில்லை என்றார். 

அன்றைக்கே முதலாளியும் கூப்பிட்டார். "அல்ஹம்துலில்லாஹ் டீச்சர்," என்றார். குரல் உடைந்திருந்தது. "அவன் என் போன எடுக்க மாட்டேங்கான். நீங்க ஒரு தடவை பேசிப் பாருங்க. வரச் சொல்லுங்க."

எண்ணை வாங்கி அழைத்தேன். எடுத்தார். பின்னால் காற்று இரைகிற சத்தம் மட்டும் கேட்டது. யார் என்று சொன்னேன். பரிசோதனை முடிவைச் சொன்னேன். நீங்கள் சொன்னது நிஜம் என்று எல்லாருக்கும் தெரிந்துவிட்டது, முதலாளி கூப்பிடுகிறார் என்றேன்.

"நான் அன்னைக்கே சொன்னேம்லா," என்றார். கோபமில்லாமல்தான் சொன்னார்.

"ஆமா. சொன்னீங்க."

"அந்த வெள்ளக்காரம்மா திரும்ப வருவாவளா?"

"அவங்க வராட்டாலும் வேற யாராவது வருவாங்க. வந்து பாத்துக்கிட்டேதான் இருப்பாங்க."



"நான் இங்கனயே இருந்துக்கிடுதேன்மா. எங்க ஊருல கரண்டு எடுக்குத காத்தாலைக்கிக் காவல் இருக்கேன். இங்கன யாரும் வந்து ஒண்ணும் கேக்க மாட்டாவ. முதலாளிகிட்ட பக்குவமாச் சொல்லிருங்க." உடனே போனை வைத்துவிட்டார்.

முதலாளியிடம் சொன்னேன். அவர் வேறு ஆள் வைத்துக்கொண்டார்.

இப்போது இன்னொரு நாட்டிலிருந்து வேறு ஆட்கள் வருகிறார்கள் என்று அதிகாரி மறுபடியும் கேட்டிருக்கிறார். வேறு பண்ணை, அதே வேலை. எங்கள் வீட்டுக்காரர் வேண்டாம் என்கிறார். நான் போகவில்லை என்றால் வேறு யாரோ போவார்கள், அவர்கள் எதைச் சொல்வார்கள் எதை விடுவார்கள் என்று எனக்குத் தெரியாது. வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். அதிலிருந்து எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.