சந்தனப் பொட்டுக்கு விதி பார்த்த டீட்டர்

டீட்டர் செத்துப்போயிட்டார்.

கழகத் தலைவர்தான் போன் எடுத்துச் சொன்னவர். ஜேர்மன்காரர் ஆர் எடுத்தாலும் என்ர வாய் தன்பாட்டில "யா, சுப்பர், டாங்க" எண்டுதான் சொல்லும், ஓம், நல்லது, நன்றி எண்டு... இதுக்கும் அதையே சொல்லிப்போட்டன். தலைவர் திருப்பியும் ஒருக்கா, மெதுவாச் சொன்னார்.

மகள் போன கிழமைதான் இந்த ஃபேஸ்புக்கைத் திறந்து தந்தவள். முதல் பதிவே செத்தவீடு.

டீட்டர் ஆரெண்டு கேப்பியள். டோர்ட்மண்டுக்கு வந்த புதுசில பக்டரியில என்ர மைஸ்டர், எனக்கு மேலாள். வேலை நிரந்தரமாகாத காலம். ஒருநாள் வந்து, "ஞாயிற்றுக்கிழமை என்னோட வாறியா?" எண்டார். மைஸ்டருக்கு ஆர் இல்லையெண்டு சொல்லுறது? "யா" எண்டன்.

கிரில் போடப்போறாங்கள் எண்டு நினைச்சு, கோழிக்காலுக்குத் தூள் பிரட்டிக் கொண்டு போனன். அங்க காதுக்கு மூடி, கையில துவக்கு!

துவக்குக்குப் பயந்து நாட்டை விட்டு ஓடிவந்தவன்... பிஸ்டல் போட்டிக் கழகத்தில மெம்பர்.

எங்கட பிரிவில துவக்கைக் கடையில வாங்கினபடியேதான் சுடோணும். ராவக்கூடாது, ஸ்பிரிங் மாத்தக்கூடாது, பிடியில ஒட்டுற ரேப்பும் சொன்ன இடத்திலதான். போட்டிக்கு முதல் செக் பண்ணுறது டீட்டர். றிகரில ஒரு பாரத்தைக் கொழுவித் தூக்குவார். பாரம் எழும்ப முதல் றிகர் விட்டுதோ, என்ன மாத்தமும் செய்யலாம் எண்ட ஓபன் பிரிவுக்குப் போ. அங்க நிக்கிற துவக்கெல்லாம் சிவப்புப் புள்ளிக் கண்ணாடி பூட்டி, றேஸ் கார் மாதிரி.

ஒருக்கா ஆயுத பூசைக்கு அடுத்த நாள் போட்டி. சரஸ்வதி படத்துக்கு முன்னால பிள்ளையளின்ர கொப்பி, மனுசியின்ர தையல் மிசின், பக்கத்தில என்ர துவக்கு. மனுசி பிடியில சந்தனம் அப்பி, நடுவில குங்குமமும் வைச்சிட்டாள்.

"இதை அழிச்சியள் எண்டால் வீட்டுக்கு வராதேங்கோ."

டீட்டர் கண்ணாடியை இறக்கிவிட்டுப் பாத்தார். நகத்தால சுரண்டினார். மூக்கில வைச்சு மணந்தும் பாத்தார். "காஞ்சு சொரசொரப்பா இருக்கு. கை வழுக்காது. இது மாற்றம். துடை, இல்லாட்டி ஓபன்."

"டீட்டர், இது சாமி..."

"சாமி விதியில இல்லை."

இஞ்சால டீட்டர், அங்கால மனுசி. நடுவில நான் ஈரத்துணியோட.

"அப்ப ஓபனா?"

"யா."

கடைசியா வந்தன். எனக்கு ஒரு இடம் முன்னால வந்தவர் கண் ஒப்பரேசன் செய்துபோட்டு வந்த கிழவர்.

திரும்பி வந்ததும் டீட்டரின்ர காரில. வீட்டு வாசல்ல இறக்கிவிட்டுத்தான் சொன்னார். "விதிப் புத்தகத்தைத் திருப்பித் திருப்பி யோசிச்சன். அடுத்த வருசம் மனுசியைத் துவக்கு கொண்டுபோற பையில பூசச் சொல்லு. பைக்கு விதி இல்லை."

அதுக்குப் பிறகு ஒவ்வொரு வருசமும் பையிலதான் பொட்டு. செக் பண்ணேக்கை டீட்டர் முதல் அதைத்தான் பாப்பார்.

வேலை நிரந்தரமாகி, நான் அந்தப் பக்டரியை விட்டும் வந்தாச்சு. கழகத்தை விட ஏலேல்லை. ஒவ்வொரு ஞாயிறும் விடிய வாசல்ல டீட்டரின்ர கார் கோர்ன் அடிக்கும்.

ஒருநாள் காருக்குள்ள துணிஞ்சு, "டீட்டர், ஒரு விசயம் கதைக்கோணும்" எண்டன். அந்த மனுசன் றேடியோவை நிப்பாட்டிப்போட்டுத் திரும்பிப் பாத்தார். அந்த முகத்துக்கு முன்னால என்னத்தைச் சொல்ல... "குளிர்கால ரயர் மாத்தோணும்" எண்டன்.

அடுத்த சனி தன்ர ஜாக்கியோட வந்து நாலு ரயரையும் மாத்திப்போட்டுப் போனார். பிறகு எங்க கழகத்தை விடுறது!

தலைவரின்ர போன் அதோட முடியேல்லை. வாற மாசப் போட்டியை நிப்பாட்டக்கூடாதெண்டு டீட்டர் ஆஸ்பத்திரியில சொன்னவராம். றிகர் பாக்கிற பாரத்தை என்னட்டைக் குடுக்கச் சொன்னவராம். "துவக்கில ஒண்டையும் மாத்த ஆசைப்படாத ஒரே ஆள் அவன்தான். அவன் செக் பண்ணட்டும்" எண்டு.

நான் என்ன சொல்லியிருப்பன்? "யா."

வெள்ளிக்கிழமை அடக்கம். மனுசியும் வாறாளாம்.

போயிட்டு வாங்கோ டீட்டர். அண்டைக்குக் காருக்குள்ள கதைக்க வந்தது ரயரைப் பற்றி இல்லை... எனக்கு அந்தத் துவக்குச் சத்தம் இண்டைக்கும் பயம்.